சித்திரப் படங்களில் அச்சச் சுவை

அச்சம் விரும்பத்தக்கதன்று என்று எல்லோரும் சொல்லுவோம். ஆயினும் காசு கொடுத்து அச்சத்தை வாங்குவோர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் இருந்தே வந்திருக்கின்றனர். நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் போலும். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை நிரல்பட வைக்கும்போது அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அதற்கு நேர் முன்னதாக மருட்கையை, அதாவது வியப்பை, வைத்தார். வியப்பும் அச்சமும் அண்டை வீட்டுக்காரர்கள் என்பது இதனால் பெறப்படுவதாகக் கொண்டால், இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதுவே நல்ல வாயிலாகும்.

நாம் பேசவிருப்பது திகிலூட்டும் சித்திரப் படங்களைப் பற்றி. காகிதத்தில் தீட்டிய ஓவியங்களையோ, மரம், துணி, களிமண் முதலியவற்றாலான பொம்மைகளையோ, கணிப்பொறியில் அமைத்த வடிவங்களையோ நிலை நிலையாகப் பதிவு செய்து, வேகமாக ஓட்டிக் காட்டி, அவை தாமே அசைவனபோலத் தோன்றச் செய்வனவற்றையே சித்திரப் படங்கள் என்கிறோம். கார்ட்டூன் படங்கள் என்பது வழக்கு. இவை குழந்தைகளுக்கு உரியவை, சிரிப்பதற்கு உரியவை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அப்படியிருக்க, திகிற்படங்களைத் தேடித் தேடிப் பார்க்கும் சுவைஞர்கள், இரத்தமும் சதையுமான நடிகர்கள் நடித்த படங்கள் எத்தனையோ இருக்கவும், வரைந்த உருவத்தையும் பொம்மையையும் கண்டு அஞ்ச விரும்புவானேன்? உண்மையல்ல என்று முன்னரே தெரிந்த ஒன்று எவ்வாறு அச்சுறுத்தும்?

விடை காண்பதற்குச் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். அசையும் சித்திரத்தின் வரலாறு சிரிப்பில் தொடங்கவில்லை, எலும்புக்கூட்டில் தொடங்குகிறது. ஆலந்து நாட்டு அறிவியலறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் 1659-இல் ஒரு தாளில் சிறு சிறு படங்கள் சிலவற்றை வரைந்தார். ஓர் எலும்புக்கூடு தன் தலையைத் தானே கழற்றி எடுப்பதாக அவை அமைந்தன. விளக்கொளியை வில்லையின் வழியே செலுத்திச் சுவரில் படம் காட்டும் மாய விளக்கு என்னும் கருவிக்காக வரைந்தவை அவை. அக்கருவியைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய சான்று அத்தாளேயாகும். கோள்களையும் ஒளியின் இயல்பையும் ஆராய்ந்த பேரறிஞர், படத்தை அசைக்கலாம் என்ற எண்ணம் தோன்றியதும் முதலில் எழுதிப் பார்த்தது மலரையோ பறவையையோ அன்று!

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரில் எத்தியேன் கஸ்பார் ரொபேர் என்பவர், கைவிடப்பட்ட கிறித்தவத் துறவியர் மடம் ஒன்றில், பேய்க் காட்சிகளை நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். இருட்டறையில் கூட்டம் அமர்ந்திருக்கும். திரைக்குப் பின்னால், சக்கரங்கள் பூட்டிய மாய விளக்கை அவர் முன்னும் பின்னுமாக நகர்த்துவார். கண்ணாடியில் தீட்டிய பேயுருவம் சிறு புள்ளியாகத் தோன்றி, வளர்ந்து, பார்ப்போர்மேல் பாய்வதுபோல வரும். புகையும் விந்தையான இசையும் துணை செய்யும். பாண்டஸ்மகோரியா என்று அக்காட்சிகளுக்குப் பெயர். அப்பெயரின் எதிரொலியையே தம் படத்துக்குத் தலைப்பாக வைத்தார், 1908-இல் ஏறத்தாழ 700 கோட்டோவியங்களைக் கொண்டு இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஒரு படம் எடுத்த பிரெஞ்சுக்காரர் எமில் கோல். கையால் வரைந்த சித்திரப் படங்களுள் முதலாவதென அதனைப் பலரும் கொள்வர். அது அச்சமூட்டும் படம் அன்று. ஆனால் அதில் ஒரு பொருள் நம் கண்முன்னே மற்றொன்றாகிறது, ஓர் உருவம் சிதைந்து மீண்டும் உருப்பெறுகிறது. எதுவும் தன் வடிவில் நிலைத்திருக்கும் என்னும் உறுதி அங்கே இல்லை. பின்னர் வந்த திகிற்சித்திரங்களின் விதை அவ்வுறுதியின்மையில் கிடக்கிறது.

பொம்மைப் படங்களின் தோற்றமோ இன்னும் விந்தையானது. விளாதிஸ்லாவ் ஸ்டாரெவிச் என்பவர், இன்று லிதுவேனியாவைச் சேர்ந்ததும் அன்று இரசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்ததுமான கௌனாஸ் நகரில், அருங்காட்சியகம் ஒன்றின் பொறுப்பில் இருந்தார். மான்கொம்பு போன்ற தாடைகளையுடைய வண்டுகள் தம்முள் பொருவதைப் படம்பிடிக்க விரும்பினார். அவையோ ஒளி விளக்கின் வெம்மை பட்டதும் அசையாது கிடந்தன. ஆகவே 1910-இல் அவர் செத்த வண்டுகளின் கால்களை அகற்றி, மெழுகினால் மீண்டும் பொருத்தி, அணு அணுவாக நகர்த்திப் படம் எடுத்தார். திரையில் வண்டுகள் மெய்யாகவே போரிட்டன. 1912-இல் அவர் எடுத்த மற்றொரு படத்தில் வண்டுக் கணவனும் வண்டு மனைவியும் ஒருவரையொருவர் ஏமாற்றி அகப்பட்டுக்கொள்கின்றனர். உயிருள்ள பூச்சிகளுக்கே பயிற்சி அளித்துவிட்டார் என்று அக்காலத்தில் நம்பியவர்களும் உண்டு. நகைச்சுவைக் கதைதான்; ஆயினும் சிரித்து முடித்தபின், நடித்தவை யாவும் பிணங்கள் என்பது நினைவுக்கு வரும்போது, ஒரு குளிர் முதுகில் ஓடாமற் போவதில்லை.

திகிற்படச் சுவைஞர்கள் நாடுவது இந்தக் குளிரைத்தான் என்பது நம் கருத்து. நடிகர் நடித்த படத்தில் பேய் என்பது கதையில் வரும் செய்தி. பேய் வேடமிட்டவர் படப்பிடிப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய் உணவருந்தியிருப்பார் என்று நாம் அறிவோம். பொம்மைப் படத்திலோ உயிரற்ற பொருள் அசைகிறது. அது கதையில் மட்டும் அன்று, திரையிலும் அப்படியே. அதன் பின்னே உணவருந்தப் போகும் நடிகர் எவரும் இலர். செருமானிய உளவியலறிஞர் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் 1906-இலேயே இதைக் குறித்து எழுதினார். ஒரு பொருள் உயிருள்ளதோ அற்றதோ என்னும் ஐயமே மனத்தில் இனம்புரியாத அச்சத்தை எழுப்பும் என்றும், மெழுகுச் சிலையும் இயந்திரப் பாவையும் நம்மைக் கலங்கச் செய்வது இதனாலே என்றும் அவர் காட்டினார். சப்பானியப் பொறியியற் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-இல் இவ்வெண்ணத்தை ஒரு வரைகோட்டில் அமைத்துக் காட்டினார். பாவை மனிதனை ஒத்து வர வர அதன்மீது நமக்குப் பற்று மிகும். ஆனால் முழுதும் ஒப்பதற்குச் சற்று முன்னே அப்பற்று ஒரு பள்ளத்தில் விழுந்து வெறுப்பாக மாறும் என்றார் அவர். அந்தப் பள்ளத்தின் அடியாழத்தில் அவர் வைத்தது அசையும் பிணத்தை. ஏனைய கலைஞர்கள் அப்பள்ளத்தில் விழாமல் இருக்கப் பாடுபடுகின்றனர். திகிற்சித்திரம் படைப்போர் அதிலே குடியேறுகின்றனர்.

இவ்வுணர்வு நமக்குப் புதியதன்று. கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த பகவதி கோயில்களில், வரிசையாக ஏற்றிய விளக்குகளுக்கும் திரைக்கும் இடையே தோற்பாவைகளை ஆட்டி, கம்பன் கவிகளைப் பாடி இராம கதை நிகழ்த்துகின்றனர். அப்பக்கம் வாழும் தமிழர் அறிந்திருப்பர். திரையில் ஆடுவது தோலின் நிழலென்று சிறுவனுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் விளக்கொளி நடுங்கி இராவணன் நிழல் பெருக்கும்போது அவன் தாயின் சேலையைப் பற்றிக்கொள்கிறான்.

அச்சத்தோடு நகையும் கலந்து வருவது இக்கலையின் மற்றொரு இயல்பு. 1929-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘எலும்புக்கூடுகளின் ஆடல்’ என்னும் சிறு படம் இதற்குச் சான்று. கார்ல் ஸ்டாலிங் இசையமைக்க, அப் ஐவர்க்ஸ் பெரும்பகுதியை வரைந்தார். நள்ளிரவு இடுகாட்டில் நான்கு எலும்புக்கூடுகள் எழுந்து ஆடுகின்றன; ஒன்று மற்றொன்றின் விலாவெலும்புகளை இசைக்கருவியாக்கித் தட்டுகிறது. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பேய்களைக் கொண்டு போர்க்களத்தில் கூழ் சமைப்பித்ததைப் படித்தவர்க்கு இந்தக் கலவை விளங்காமற் போகாது. அங்கும் அருவருப்பும் நகையும் ஒரே பானையில் கொதிக்கின்றன.

ஆனால் சிரிப்பு இல்லாத சித்திரப் படமும் உண்டு என்பதை உலகுக்குக் காட்டியது 1953-இல் அமெரிக்காவில் யூ.பி.ஏ. நிறுவனம் எடுத்த ஒரு சிறு படம். எட்கர் ஆலன் போ 1843-இல் எழுதிய கொலைகாரன் கதையை டெட் பார்மலி இயக்கினார். சித்திரங்களின் அமைப்பு பால் ஜூலியனுடையது. ஜேம்ஸ் மேசன் குரல் கொடுத்தார். ஏறத்தாழ எட்டு நிமிடமே ஓடும் அப்படத்தில் கொலைகாரன் முகத்தை நாம் முழுதும் காண்பதேயில்லை. அவன் கண்வழியாகவே கிழவரைப் பார்க்கிறோம், அவன் நிழலாகவே படிக்கட்டில் ஏறுகிறோம். வீட்டின் சுவர்கள் கோணி நிற்கின்றன. ஏனெனில் அவன் மனம் கோணி நிற்கிறது. நடிகரை வைத்து எடுப்பவர் ஒரு வீட்டைக் கட்டிவிட்டு அதில் பித்தனை நடக்கவிட வேண்டும். ஓவியரோ வீட்டையே பித்தாக எழுதிவிடலாம். இங்கிலாந்தில் பெரியோர்க்கு மட்டுமே உரியதென ‘எக்ஸ்’ சான்றிதழ் பெற்ற முதற்சித்திரப் படம் இதுவே. சித்திரம் என்றால் சிறுவர்க்கு என்று எண்ணியிருந்த தணிக்கைக் குழு, அவ்வெண்ணத்தை அன்று தானே மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

கனவும் நனவும் ஒரே தூரிகையால் எழுதப்படுவது என்னும் இச்சலுகையை எல்லை வரை கொண்டு சென்றவர் சப்பானிய இயக்குநர் சதோஷி கோன். 1997-இல் வெளிவந்த ‘பெர்பெக்ட் புளூ’ அவருடைய முதல் முழுநீளப் படம். மீமா என்னும் இளம் பாடகி, பாட்டைக் கைவிட்டு நடிப்புக்கு வருகிறாள். அவள் எழுதாத நாட்குறிப்பொன்று அவள் பெயரால் இணையத்தில் வெளிவருகிறது. அவள் எண்ணங்களையும், அன்று கடையில் வாங்கிய பொருள்களையும் கூட அது சொல்லுகிறது. நாளடைவில், எழுதுவது பிறர் என்பதிலேயே அவளுக்கு ஐயம் பிறந்துவிடுகிறது. நடிகர் நடித்த படத்தில் கனவு வரும்போது ஒளி மங்கும், இசை மாறும். நாமும் கனவு என்று தேறிக்கொள்வோம். இப்படத்தில் அந்தத் தையல் தென்படுவதில்லை. மீமாவின் அறையும், அவள் நடிக்கும் நாடகத்தின் அறையும், அவள் கனவின் அறையும் ஒரே கோட்டால் ஆனவை. பார்ப்போரும் அவளோடு வழி தவறுகின்றனர். கனடாவின் மான்ட்ரியல் நகரில் திகிற்படங்களுக்கும் விந்தைப் படங்களுக்குமென நடைபெறும் பேண்டேசியா விழாவில், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் இப்படம் முதன்முதல் திரையிடப்பட்டது. இதன் அருமையை முதலில் கண்டுகொண்டோர் திகிற்படச் சுவைஞர்களே என்பது குறிக்கத்தக்கது. கொடுமைக் காட்சிகள் மிக்க படம். சிறுவர் பார்ப்பதற்கு உரியதன்று.

சிறுவரும் பெரியோரும் ஒருங்கே கொண்டாடும் படமொன்றை எடுத்துக்கொள்வோம். நீல் கெய்மன் எழுதி 2002-இல் வெளிவந்த ‘கோரலைன்’ கதையை, ஹென்றி செலிக் 2009-இல் பொம்மைப் படமாக எடுத்தார். பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர் இல்லங்களில் இக்கதை சற்றுக் கூடுதலாகவே தைக்கும். கோரலைன் என்னும் சிறுமி பெற்றோருடன் புது ஊருக்கு, ஒரு பழைய வீட்டின் பகுதிக்குக் குடிவருகிறாள். தோழர்கள் பழைய ஊரிலேயே இருந்துவிட்டனர். தாய் தந்தையர் தோட்டக் கலையைப் பற்றி எழுதிப் பிழைப்பவர்கள். தம் தோட்டத்தைக் கொத்துவதற்கோ மகளுடன் பேசுவதற்கோ அவர்களுக்கு நேரமில்லை. சுவரில் ஒரு சிறு கதவு. அதன் அப்பால் அதே வீடு, ஆனால் ஒளி மிக்கது. அதே தாய், ஆனால் சுவையாகச் சமைத்து அன்போடு பரிமாறுபவள். ஒன்றே வேற்றுமை: அத்தாய்க்குக் கண்கள் இருக்கும் இடத்தில் கருநிறப் பொத்தான்கள். இங்கேயே தங்கிவிடலாம், உன் கண்களிலும் பொத்தான் தைத்துக்கொண்டால் போதும் என்கிறாள் அவள்.

பேய் இங்கே பல்லைக் காட்டிக்கொண்டு வரவில்லை, சோறிட்டு அழைக்கிறது. நாம் பார்த்த அளவில், திகிற்படங்களில் இதனினும் கூரிய கருத்து அரிது. ஆனால் சுவைஞர்கள் மீண்டும் மீண்டும் இப்படத்துக்குத் திரும்புவது கதைக்காக மட்டும் அன்று. ஏறக்குறைய ஒரு சாண் உயரமுள்ள பாவைக்கு, மயிரிழை போன்ற ஊசிகளைக் கொண்டு ஆல்தியா குரோம் என்னும் பெண்மணி கையுறையும் சட்டையும் பின்னினார். தோட்டத்து மரங்களின் பூக்கள், நிறம் ஏற்றிய சோளப்பொரி. முகத்தின் ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் வெவ்வேறு முகமூடியை அச்சுப்பொறி போன்ற கருவியால் வார்த்து, மாற்றி மாற்றிப் பொருத்தினர். ஒரு விநாடிக்கு 24 படங்கள் வேண்டும். தேர்ந்த கலைஞர் ஒருவர் ஒரு வாரம் முழுதும் உழைத்தாலும் சில விநாடிகளுக்கே படம் தேறும். ஆகவே, அப்பொய்த்தாய் தலையைச் சற்றே சாய்த்துப் புன்னகைக்கும்போது அது தற்செயல் அன்று. யாரோ ஒருவர் அப்புன்னகையை நாட்கணக்கில் விரல் நுனியால் செதுக்கியிருக்கிறார். அஞ்சிக்கொண்டிருக்கும்போதே அக்கைத்திறனையும் வியக்க இயலுவது இக்கலைக்கே உரிய இன்பம். மருட்கையும் அச்சமும் அண்டை வீட்டார் என்றோமே, இங்கே இடைச்சுவரும் இல்லை.

படத்தை ஊன்றிப் பார்ப்போர் இன்னும் ஒன்று காண்பர். தொடக்கத்தில் ஊசிகளாலான இரு கைகள் ஒரு துணிப்பொம்மையைப் பிரித்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, வேறு உருவமாகத் தைக்கின்றன. அப்பொய்த்தாயும் பொம்மை செய்பவளே. அவள் உலகில் உள்ள அனைவரும் அவள் கைப்பட்ட பாவைகள். கோரலைன் அவ்வீட்டை விட்டு நடந்து போகும்போது, மரங்கள் கோடுகளாகி, கோடுகளும் மறைந்து, வெறும் வெண்மை எஞ்சுகிறது; அதற்கு அப்பால் அவள் எதுவும் செய்து வைக்கவில்லை. சித்திரம் தீட்டாத தாளின் வெண்மை அது. உலகம் முழுவதும் ஒருவர் கையால் ஆக்கப்பட்டதென்றால் அக்கைக்கு அஞ்ச வேண்டும் என்னும் எண்ணத்தைப் பொம்மைப் படம் ஒன்றினால்தான் இவ்வளவு நேராகச் சொல்ல இயலும். படம் வெளிவந்து 15 ஆண்டு நிறைந்ததையொட்டி 2024-இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தபோது, சிறுவயதில் பார்த்து அஞ்சியோர் பெரியோராகித் திரளாக வந்து பார்த்தனர்.

இனி, கற்பனைப் பேயை விட்டு உண்மைப் பேய்க்கு வருவோம். தொல்காப்பியர் அச்சத்துக்குச் சொன்ன நிலைக்களன்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. நாலாவது நம்மைச் சிந்திக்கச் செய்வது. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், பரால் என்னும் ஊருக்கு அருகே, பால் ஷேபர் என்னும் செருமானியர் 1961-இல் ‘கொலோனியா டிக்னிடாட்’ என்னும் குடியேற்றத்தை அமைத்தார். உழைப்பும் ஒழுக்கமும் மிக்க அமைதியான வேளாண் குடியென வெளியே பெயர். உள்ளே குழந்தைகள் சீரழிக்கப்பட்டனர். பினோசே ஆட்சியில் அரசை எதிர்த்தோர் அங்கே அடைக்கப்பட்டு வதைக்கப்பட்டனர். ஷேபர் 1997-இல் தலைமறைவாகி, 2005-இல் அர்செந்தினாவில் பிடிபட்டு, 2010-இல் சிறையில் இறந்தார்.

இவ்வரலாற்றை அடியாகக் கொண்டு கிறிஸ்தோபல் லெயோன், ஹோவாக்கின் கோசின்யா என்னும் இரு சிலி நாட்டுக் கலைஞர்கள் எடுத்த ‘ஓநாய் வீடு’ 2018-இல் பெர்லின் விழாவில் முதன்முதல் காட்டப்பெற்றது. அதனை அவர்கள் வெளிப்படையான கண்டனமாக எடுக்கவில்லை. அக்குடியேற்றமே தன்னைப் பற்றிய அவதூறுகளைப் போக்க எடுத்த விளம்பரப் படம்போல அதனை அமைத்தனர். கனிந்த குரலில் ஒருவர் நம்மை வரவேற்று, கீழ்ப்படியாத சிறுமி ஒருத்தியின் கதையைச் சொல்லுகிறார். மரியா என்னும் அச்சிறுமி பன்றிகளைத் தப்பவிட்டதற்குத் தண்டனை பெற்று, அங்கிருந்து ஓடிக் காட்டு வீடொன்றில் ஒளிகிறாள். அங்குள்ள இரண்டு பன்றிக் குட்டிகளுக்குப் பெயரிட்டு வளர்க்கிறாள். அவை மெல்ல மெல்ல மனிதக் குழந்தைகளாகின்றன. வெளியே ஓநாய் அவள் பெயரைச் சொல்லி இனிமையாக அழைத்துக்கொண்டே இருக்கிறது.

இப்படத்தை எடுத்த முறையே தனி. சிறு பொம்மைகளை மேசைமேல் வைத்து எடுக்கவில்லை. உண்மையான அறைகளில், சுவர் முழுதும் வண்ணத்தால் மரியாவை எழுதி, ஒரு படம் எடுத்து, அழித்து, மீண்டும் எழுதி எடுத்தனர். அவ்வுருவம் சுவரிலிருந்து இறங்கி, காகிதமும் ஒட்டுநாடாவுமாக ஆளுயரத்துக்குத் திரண்டு, மறுபடி கலைந்து சுவரில் சேர்கிறது. பல நாடுகளின் கலைக்கூடங்களில், வந்து போவோர் கண்முன்னே, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இவ்வேலை நடைபெற்றது. முன் எழுதியதன் கறை பின் எழுதியதன் அடியில் தெரிகிறது; வண்ணம் வழிந்து தரையில் ஓடுகிறது. பிற இடங்களில் குறை என்று தோன்றுவது இங்கே பொருளாகிறது. அழித்தாலும் அழியாத கறைகளுள்ள வீடு அது. நிலையான முகமொன்றைப் பெற முடியாத பெண் அவள். தப்பி வந்தும், தன்னிடமுள்ள குழந்தைகளைத் தான் வளர்ந்த கொட்டடியின் முறையிலேயே அவள் வளர்க்கத் தலைப்படுகிறாள் என்பதை எந்த வசனமும் நமக்குச் சொல்லவில்லை. சுவர் சொல்லுகிறது.

இதையே நடிகர்களை வைத்து எடுத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். எடுத்திருக்கலாம். அப்போது ஒரு குழந்தையை விளக்கொளியின்முன் நிறுத்தி அஞ்சி நடுங்கச் சொல்ல நேர்ந்திருக்கும். பார்ப்போரும், கொடுமையைக் கண்டு வருந்துகிறோமா, வேடிக்கை பார்க்கிறோமா என்று தெரியாத இடத்தில் நின்றிருப்பர். சித்திரப் படத்தில் எக்குழந்தையும் வருந்துவதில்லை. ஆயினும் குழந்தையின் துயரம் முழுதும் நம்மை வந்தடைகிறது. திகிற்படம் என்றால் கீழ்த்தரமான பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர், இந்த ஒரு படத்தையேனும் பார்த்துவிட்டுப் பேசுவது நன்று.

எல்லாத் திகிற்சித்திரங்களும் இத்தகையன என்று சொல்ல வரவில்லை. வரைந்த உடலை எவ்வளவு வெட்டினாலும் கேட்பாரில்லை என்பதனாலேயே இரத்தத்தை வாரி இறைக்கும் படங்கள் பல உண்டு. அவற்றில் அச்சமும் இல்லை, வியப்பும் இல்லை. கணிப்பொறியின் துணையால் மாசு மறுவற்று வழுவழுப்பாக எழுந்து வரும் பேய்களும் பெரும்பாலும் அஞ்சத்தக்கனவாக இல்லை. கைபட்ட இடத்தில் சிறிது நடுக்கமும், துணியில் சிறிது சுருக்கமும் இருந்தாலன்றி மோரி சொன்ன பள்ளத்தில் நாம் இறங்குவதில்லை. பில் டிப்பெட் என்னும் அமெரிக்கப் பொம்மைக் கலைஞர் ‘மேட் காட்’ என்னும் படத்தை 1980-களின் இறுதியில் தொடங்கினார். 1993-இல் வெளிவந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்கான பணியின்போது பொம்மைகளின் இடத்தைக் கணிப்பொறி கைக்கொண்டதைக் கண்டு, தம் தொழிலுக்கே முடிவு வந்துவிட்டதென எண்ணி அதை மூடி வைத்தார். பின்னர் இளைஞர்கள் சிலர் வந்து ஊக்கவே மீண்டும் எடுத்து, 2021-இல் நிறைவு செய்தார். இடிந்த உலகின் அடியிலுள்ள நரகத்துக்குள் இறங்கிச் செல்லும் அப்படத்தில் வசனம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவுமில்லை. எல்லோரும் பார்த்து முடிக்கக்கூடிய படமன்று. கைவினையை மதிப்போர் ஒருமுறை பார்க்க வேண்டியது.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு சொல். சித்திரப் படம்தானே என்று தொலைக்காட்சிப் பெட்டியையோ கைப்பேசியையோ குழந்தையிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்கோ அலுவலகத்துக்கோ செல்லுவது இன்று எல்லா நகரங்களிலும் காணும் வழக்கம். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் உள்ள நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பாட்டியும் உடனில்லை. பாட்டி பேய்க் கதை சொன்னபோது குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கண் விரிந்தால் பேயைச் சற்றுத் தொலைவில் நிறுத்துவாள், சிரித்தால் அருகே கொண்டு வருவாள். திரைக்கு அந்தப் பார்வை இல்லை. டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ கூட 1938-இல் இங்கிலாந்தில், 16 வயதுக்குட்பட்டோர் பெரியோர் துணையின்றிக் காணலாகாது என்னும் ‘ஏ’ சான்றிதழோடுதான் வந்தது. காட்டு மரங்கள் கைநீட்டிப் பற்றும் காட்சியும் சூனியக்காரியின் உருமாற்றமும் அவ்வளவு வலிமை வாய்ந்தவையாகத் தணிக்கையாளருக்குத் தோன்றின.

நம் நாட்டில் 2024-ஆம் ஆண்டு முதல் ‘யு.ஏ.’ சான்றிதழ் 7, 13, 16 வயதுக்கு மேற்பட்டோர்க்கு என மூன்றாகப் பிரித்து வழங்கப்படுகிறது. படம் சித்திரமா நடிப்பா என்பதை விட்டு, அந்த எண்ணைப் பார்ப்பது பயன் தரும். ‘கோரலைன்’ படத்தைப் பெற்றோர் உடனிருந்து காட்டுவது நன்று. அடுக்களை வேலையை அன்று சிறிது முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம். ‘பெர்பெக்ட் புளூ’வும் ‘மேட் காட்’டும் முதிர்ந்தோர்க்கே உரியன. ‘ஓநாய் வீடு’ ஒன்றேகால் மணி நேரமே ஓடும். குழந்தைகள் உறங்கியபின், விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கலாம்.